இலைக்கஞ்சியின் புனர்ஜன்மம்

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திறங்கும் நமது பந்துக்கள், கேல் என்னும் கோவா வம்சத்துக் கீரையை மின்யந்திரத்திலே அரைத்துக் குளிரக் குளிரப் பருகுவதே ஆரோக்கியத்தின் பரம ரகசியமென்று உபதேசிக்கும்போது, முல்லை, முசுட்டை, வல்லாரை, தூதுவளை முதலியவற்றை இடித்துச் சாறு பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலுடன் கூட்டிக் காய்ச்சியே முதுமையெய்திய யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆச்சிமார் மகா பவ்வியத்துடன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இலையிலுள்ள கரோட்டின், கொழுப்பின் சகாயமின்றி உடலிற் செவ்வனே சேராதென்பது போஷாக்கு சாஸ்திரம். ஆகவே கொழுப்பைத் தீண்டாத விரதசீலராய்ப் பச்சைத் தண்ணீர் அருந்துவோரைக் காட்டிலும், பாலைத் தாராளமாக வார்க்கும் ஆச்சியே சாஸ்திரத்துக்கு அணுக்கமானவர். 1990இல் மின்சாரம் நின்று குடாநாடு ஆண்டுக்கணக்கில் இருண்டிருந்தபோதும் அவருடைய உரலும் உலக்கையும் வேலைநிறுத்தம் செய்ததில்லை. (யந்திரத்தின் அலகைக் கழுவும் சிரமமோ தனி அத்தியாயம்.) ஆயினும் அதே கஞ்சியைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, ஆங்கில நாமமும் அநியாய விலையும் சூட்டினாலன்றி நம்மவருக்கு விசுவாசம் பிறவாது. கசக்கிறதென்று பேரப்பிள்ளை முகஞ்சுளித்தால், கடித்துக்கொள்ளும்படி ஆச்சி பனங்கட்டித் துண்டொன்றைப் பகிரங்கமாகவே நீட்டுவார். ஸ்காபரோ உபதேசியாரோ இரண்டு வாழைப்பழத்தை யந்திரத்துள் நழுவவிட்டு, இனிப்பே சேர்க்கவில்லையென்று சத்தியஞ் செய்கிறார்.