நாலு விரற்கடை

ஒரு பெண்கள் கல்லூரியின் வாலிபால் டீமுக்குப் பயிற்சியாளரான மேடத்துக்குப் பொன்னாடை போர்த்திய அன்று எனக்கும் இரண்டு நிமிஷம் பேசக் கொடுத்தார்கள். மாவட்டப் போட்டிகளில் ஸ்கோர் ஷீட் எழுதுகிற ஆள் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் வாழ்த்துச் சொல்லி இறங்கத்தான் நேரம் இருந்தது. அவர் செய்ததை ஒன்று விடாமல் சொன்னால்தான் அது பாராட்டு என்று படியிறங்கும்போதே தோன்றியது. அந்தப் பாராட்டை இங்கே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரும் அவர் பெயரும் இதில் வராது. அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர். ஒவ்வொரு ஜூனிலும் மறு உத்தரவு வந்தால்தான் வேலை.

தாமிரபரணிக் கரையில் வாலிபாலுக்குப் பஞ்சமே கிடையாது. அம்பாசமுத்திரத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தாண்டியும், ஊருக்கு ஒரு கோர்ட் இருக்கும். கோயில் கொடை வந்தால் மின்னொளி கைப்பந்துப் போட்டி என்று போஸ்டர் ஒட்டுவார்கள். இரவு இரண்டு மணிக்கும் கூட்டம் கலையாது. இந்திய வாலிபால் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த சிவந்தி ஆதித்தனும் ஆறு கடலில் சேரும் இந்தத் தென்கோடிக்காரர்தான். ஆனால் ஆடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்பிள்ளைகள் மதில் ஓரமாக நின்று பார்ப்பார்கள், பந்து வெளியே வந்தால் எடுத்துப் போடுவார்கள்.

இத்தனைக்கும் வாலிபாலுக்கும் நம் ஊர்ப் பெண்களின் கல்லூரிப் படிப்புக்கும் ஒரே வயது. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுவயது வியாபாரிகளுக்கு லேசாக ஒரு ஆட்டம் வேண்டியிருந்தது. அதே 1895-இல்தான், இந்தியாவைக் கண்ணாலேயே பார்க்காத ஒரு இங்கிலாந்துப் பெண்ணின் பெயரில் பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி தொடங்கியது. நான் சொல்லவந்த கல்லூரி அதுவல்ல, பின்னாளில் வந்தது. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். பெண்கள் கல்லூரியில் வாலிபால் ஆடுவதற்கு நமக்கு 1895 முதல் அவகாசம் இருந்திருக்கிறது.

அந்தக் கல்லூரி டீமுக்கு நான் பல வருஷம் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். முதல் சுற்று, இரண்டு செட், வெளியே. இரண்டாவது செட்டில் பத்துப் பாயிண்டைத் தாண்டினால் பிள்ளைகள் கைதட்டிக்கொள்வார்கள். ஸ்மாஷ் அடிக்கிற பிள்ளை நன்றாகத்தான் எழும்பும், கையும் வேகமாகத்தான் வரும். பந்து வலையின் மேல்பட்டியில் இடித்து இந்தப் பக்கமே விழும். அடுத்ததும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்கு வராது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

மேடம் சேர்ந்த முதல் நாள் செய்ததை முதலில் பாராட்ட வேண்டும். பிள்ளைகளை ஓட விடவில்லை, பந்தைத் தொட விடவில்லை. கைப்பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து வலையின் உயரத்தை அளந்தார். பெண்களுக்கு வலை 2.24 மீட்டர் இருக்க வேண்டும், நடுவில் அளக்க வேண்டும். அங்கே நடுவில் நாலு விரற்கடை குறைந்திருந்தது. ஒரு கம்பம் துருப்பிடித்து அடியில் சாய்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம் கம்பமே இல்லை, வேப்பமரத்தில் அடித்த ஆணியில் கட்டியிருக்கிறார்கள். வலை நடுவே தொய்ந்து தொட்டில் மாதிரி கிடக்கிறது.

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பிள்ளைகள் வருஷக்கணக்காகத் தினமும் உழைத்துப் பழகியது நாலு விரற்கடை தாழ்ந்த வலைக்கு. உடம்பு ஒரு உயரத்தைப் பழகிவிட்டால் அதுவாகவே அந்த உயரத்துக்குத்தான் கையை வீசும். போட்டிக்குப் போனால் அங்கே வலை சரியான உயரத்தில் இருக்கும். பழகிய கை பட்டியில் போய் இடிக்கும். வராது என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு முதல் பஸ்ஸில் வந்து, கூடவே தன் தம்பியைக் கூட்டிவந்து, சொந்தக் காசில் வாங்கிய இரும்புக் குழாயை நட்டு, சிமெண்ட் போட்டு, கிணற்றுக் கயிறு வாங்கி வலையை இழுத்துக் கட்டினார். சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டார். பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர். கம்பத்துக்கு ரசீது கொடுத்தாரா என்று கேட்டேன். கொடுத்திருக்கிறார். நிர்வாகம் ஒருநாளும் முடியாது என்று அவரிடம் சொன்னதில்லை. எழுதிக் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல்களை ஒரு ஃபைலில் தேதி வாரியாக வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கையும் நான் பாராட்டுகிறேன்.

வலை சரியானதும் டீம் ஜெயிக்கத் தொடங்கவில்லை. முதல் செட் எடுத்தார்கள், இரண்டாவதில் தோற்றார்கள், மூன்றாவதில் ஆள் ஆளாய்க் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் வெயில். நம் ஊர் ஆகஸ்ட் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பு பலமில்லை, சத்தில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மேடம் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தார். பன்னிரண்டும் கழுத்துவரை அப்படியே இருந்தன.

"ஏட்டி, தண்ணி ஏன் குடிக்கல?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளைதான் தரையைப் பார்த்தபடி சொன்னாளாம்: "குடிச்சா போவணும்லா மேடம்."

மைதானம் கல்லூரிக்குப் பின்னால். கழிப்பறை முன்கட்டிடத்தில். சாயங்காலம் நாலரைக்கு முன்கட்டிடத்தைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதே அதற்குப் பிறகுதான். அதனால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். இது அவர்களுக்கு முன்னால் ஆடிய அக்காக்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். அந்த அக்காக்களுக்கு அவர்களுடைய அக்காக்கள். அந்தப் பழக்கம் போட்டி நடக்கிற இடத்துக்கும் அவர்களோடு போயிற்று.

மேடம் அன்றைக்கே மைதானத்துக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். தனியாக இருக்கும் ஒரு ஆச்சி. விஷயத்தைச் சொன்னதும் ஆச்சி கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை பிள்ளைய?" பன்னிரண்டு என்றதும், "வரட்டும், நான் தூத்துத்தான் வச்சிருக்கேன்" என்று கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். அன்று முதல் அந்தக் கொல்லைக் கதவு சாயங்காலம் சாத்தப்படவில்லை. தண்ணீர் குடிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. பழகின பயம் போகவேண்டுமே. பயிற்சிக்கு நடுவே விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, அவர் முன்னாலேயே பாட்டிலைக் காலி செய்யச் சொன்னார். மூன்றாவது செட்டில் கால் பிடிப்பது நின்றது. எந்த வியூகமும் மாற்றவில்லை. ஒரு கல்லூரியின் தோல்வியை ஒரு ஆச்சி வீட்டுக் கொல்லையைக் கொண்டு தீர்த்துவைத்த பயிற்சியாளரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. முதல் வருஷம் ஆர்வமாக வந்தவள், திடீரென்று வரவில்லை. மேடம் அவள் வீட்டுக்கே போனார். தார்சாவில் அம்மாவும் மகளும் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், இவ கிரவுண்டுக்கு வந்துட்டா ஆயிரம் ஆரு முடிப்பா? கொறஞ்சா கடையில இலை தர மாட்டாங்கல்லா" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார்.

மேடம் பதில் பேசாமல் அந்தப் பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நறுக்கிய இலையில் தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்து, அடுத்தது. கண் ஒருமுறையும் கையைப் பார்க்கவில்லை. பத்து விரலும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்கின்றன. செட்டருக்கு வேண்டியது அதுதான். 260, 280 கிராம் எடையுள்ள பந்தை இரண்டு கை விரல் நுனியிலும் ஒரே நேரத்தில் வாங்கி, சுழலாமல் அனுப்ப வேண்டும். ஒரு கை முந்தினால் நடுவர் இரண்டு விரலைக் காட்டி விசிலடிப்பார். விளையாட்டு விடுதிகளில் இதற்கு வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்துப் பழக்குவார்கள். இந்தப் பிள்ளைக்கு அது எட்டு வயதிலேயே வந்திருக்கிறது. எட்டு வயதில் அவளை அந்தச் சொளவுக்கு முன்னால் உட்காரவைத்தது எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அக்கா, இந்த விரல் எனக்கு வேணும்" என்று கேட்டிருக்கிறார். காலையில் மட்டும் பயிற்சி, போட்டி வாரத்தில் மட்டும் சாயங்காலமும் என்று பேசி முடித்தார். போட்டி வாரத்தில் குறைகிற பீடிக்கான கூலியைத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தார். கடனாக இல்லை, உதவியாகவும் இல்லை. "பிள்ளை எனக்கு வேலை செய்யுதா, அதுக்குக் கூலி" என்று சொல்லித்தான் அந்த அம்மா கையில் கொடுத்திருக்கிறார். விளையாடுகிற பிள்ளைக்கு அது உழைப்பு என்று ஒப்புக்கொண்டு கூலி கொடுத்த ஆளை இந்த ஊரில் நான் கண்டது அன்றைக்குத்தான்.

பாராட்டு விழா மேடையில் ஒருவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொன்னார். வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த வருஷம், பெண்கள் குழுவாக ஆடும் ஆட்டம் என்று ஒன்று ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்ததும் அதுதான். ஹிரோபுமி டைமட்சு என்ற பயிற்சியாளர் ஜப்பான் பெண்களை நள்ளிரவு வரை பழக்கி, அக்டோபர் 23 அன்று சோவியத் அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கிக்கொடுத்தார். நம் மேடம் நமது டைமட்சு என்றார் பேச்சாளர். நல்ல ஒப்புமைதான், ஆனால் பாதியில் நிற்கிறது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கைஸுகா ஊரில் நிச்சிபோ என்ற நூற்பாலையின் ஊழியர்கள். டைமட்சுவும் அந்த மில்லின் ஊழியர். பகலில் வேலை கொடுத்தது மில், சம்பளம் கொடுத்தது மில், இரவில் பழக உள்ளரங்கும் மில்லுடையது. நமக்கும் ஆற்றின் தலைமாட்டிலேயே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கானோர் அதில் உழைத்தார்கள். டைமட்சுவின் கடுமையை நாம் ஆசையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவருக்குப் பின்னால் நின்ற உள்ளரங்கைச் சொல்வதில்லை. மேடத்தை டைமட்சுவோடு ஒப்பிட்டால் மேடத்துக்குத்தான் குறை. மில் ஒன்று செய்ததையும் சேர்த்து அவர் ஒருவரே செய்திருக்கிறார்.

இன்னும் நிறைய உண்டு. அரைக்கால் சட்டைக்கு ஒப்பாத தகப்பன்மார்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசியது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சேரன்மகாதேவிப் பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைத்து, காலையில் இட்லி கொடுத்துக் கூட்டிவந்தது. போட்டிக்குப் போகிற படி வருவதற்குள் போட்டியே முடிந்துவிடும் என்பதால் அவித்த முட்டையும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் வீட்டிலிருந்தே தூக்கில் கொண்டுவந்தது. மூன்றாவது வருஷம் கோப்பை வந்தது. கடைசிப் பாயிண்டை நான்தான் ஷீட்டில் எழுதினேன். அந்த முக்கூடல் பிள்ளை பின்பக்கமாகத் தள்ளிக்கொடுத்த பந்து. எதிர் பிளாக் இரண்டு பேரும் முன்பக்கம் எழும்பிவிட்டார்கள். அடித்த பிள்ளைக்கு வலையில் ஆளே இல்லை. பேனா என் கையில் ஆடியது.

விழாவில் முக்கிய விருந்தினர், "எந்த வசதியும் இல்லாமலே சாதித்துக் காட்டியவர்" என்று மேடத்தைப் புகழ்ந்தார். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள். கம்பம், கழிப்பறை, படி, மறு உத்தரவு ஆகிய நாலும் யார் யார் கையெழுத்தில் இருக்கின்றனவோ, அவர்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். மேடம் மட்டும் தட்டவில்லை. பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசையில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் வந்தார். என் பேச்சு எப்படியிருந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"சார், வலை உயரம் அளக்குற கம்பு உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்லா? சனிக்கிழமை தர முடியுமா?"

"இருக்கு. உங்க வலை சரியாத்தான மேடம் இருக்கு?"

"எங்களுக்கு இல்ல சார். அரையிறுதியில எங்ககிட்ட தோத்தாங்களே, ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜ். அந்தப் பிள்ளைய அடிச்ச பந்து ஒண்ணு விடாம பட்டியில இடிச்சுதே, நீங்க பாத்தியளா? அவங்க கிரவுண்டுல அளந்து பாக்கணும்."

நான் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு வழக்கம்போலப் பாயிண்டை இந்தப் பக்கம் எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் போனோம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். மேடம் கம்பை வலையின் நடுவே நிறுத்திப் பிடிக்க, நான் அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஐந்து விரற்கடை.