இன்காவுக்குப் போகிறவர்கள் எளாவூரில் இறங்கவும்

பெரு நாட்டுக்குப் போய், நான்கு நாள் காட்டுக்குள் நடந்து, இன்கா இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வருவது இப்போது சென்னையில் ஒரு தகுதி. அந்தக் காலத்தில் காசிக்குப் போய் வந்தவர் கங்கையைச் சொம்பில் அடைத்துப் பரணில் வைத்தார். இந்தக் காலத்தில் போய் வருபவர் நானூறு படங்களை எடுத்து வந்து நம் கைப்பேசியில் கொட்டுகிறார். சுமார் 43 கிலோமீட்டர் நடை. வழியில் 4,215 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். மூச்சுமுட்டல், மேகம், மலைக்காடு, கடைசியில் மச்சு பிச்சு. செலவு பல லட்சம். கொப்புளம் இலவசம்.

மச்சு பிச்சுவை நமக்குக் காட்டிக்கொடுத்தது சினிமா. 2010-இல் வந்த 'எந்திரன்' படத்தின் கிளிமாஞ்சாரோ பாட்டுக்கு ரஜினியும் ஐஸ்வர்யா ராயும் ஆடியது அங்கேதான். கிளிமாஞ்சாரோ மலை இருப்பது ஆப்பிரிக்காவில். ஆட்டம் நடந்தது தென் அமெரிக்காவில். பார்த்த நமக்கு உறுத்தவே இல்லை. இடிபாடு எந்தக் கண்டத்தில் இருந்தால் என்ன? நம் ஊரில் இல்லாமல் இருந்தால் சரி.

சங்கடம் என்னவென்றால், நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில், 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கு எழுதிய இடம் இதுதான். இங்கே துணி ஏற்றினார்கள். வெடிமருந்து அரைத்தார்கள். காசு அடித்தார்கள். இன்று போனால் காடு தெரிகிறது. சீமைக் கருவேலங்காடு. அதற்குள் எங்கோ கோட்டை இருப்பதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், நாம் நம்ப வேண்டும். மச்சு பிச்சுவின் காட்டை மழை வளர்த்தது. நம்முடையதை நிர்வாகம் வளர்த்தது.

ஆகவே பொதுமக்கள் சார்பில் ஒரு சாகசப் பயணத் திட்டத்தை முன்வைக்கிறோம். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது வாசிக்கப்பட்டு, மறு ஆண்டு தேதி மட்டும் மாற்றி மீண்டும் வாசிக்கப்படும் சுற்றுலாத் திட்டங்களுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. நான்கு நாள். புறப்பாடு எளாவூர்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கத்துக்கு முன்னால் இருக்கும் எளாவூரைத் தமிழ்நாடு அறிந்தது ஒரே காரணத்துக்காக. சோதனைச்சாவடி. இன்கா பாதையின் வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இங்கே லாரியைப் பார்ப்பார்கள். லாரி சாலையில் வரிசை கட்டி நிற்கும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் நம் ரேஷன் அரிசி பயணிகள் ரயிலில் போய்க்கொண்டிருக்கும். இந்த வட்டாரத்தின் அசல் சாகசப் பயணி அதுதான். இருக்கைக்கு அடியில் பதுங்கும். எல்லை தாண்டும். ஆந்திராவில் பாலிஷ் போட்டுக்கொண்டு வேறு பெயரில், வேறு விலையில் கடைக்கு வரும். மறுநாள் செய்தியைப் பாருங்கள். மூட்டைகள் 'கேட்பாரற்றுக் கிடந்தன' என்று இருக்கும். மூட்டை தானே நடந்து வந்து ரயிலேறி, தானே மாட்டிக்கொண்டது. ஆள் மட்டும் எந்தக் காலத்திலும் கூட வருவதில்லை.

இரண்டாம் நாள் பழவேற்காடு ஏரி. எளாவூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் தண்ணீர் தொடங்கிவிடும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், சிறுபகுதி நம்மிடம். கல் நட முடியாத இடத்தில் மாநில எல்லை எங்கே என்பது, யாருடைய வலை அறுக்கப்படுகிறது என்பதை வைத்துத்தான் தெரியவரும். இரு பக்கமும் இருப்பவர்கள் மீனவர்கள். இரு பக்கமும் இறால் ஒன்றே. பேச்சுவார்த்தை என்று மேசை போட்டு உட்காரும் அதிகாரிகள் மட்டும் வேறு வேறு.

ஏரியை ஆளத் தெரிந்தவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர்க்காரர்களே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காது. சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். இதற்கு ஒரு துணை இயக்குநர் கிடையாது, ஜீப் கிடையாது, ஆய்வுக் கூட்டத்து முந்திரி பக்கோடா கிடையாது. அதனாலேயே நடக்கிறது போலும்.

ஏரியைக் கடக்கப் படகு வேண்டுமே என்பீர்கள். படகு சவாரிக்குத் தடை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, முகத்துவாரத்துப் பக்கம் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. அரசு உடனே செயல்பட்டது. தடை போட்டது. போர்டு வைத்தது. வேலை முடிந்தது.

பிறகும் விடுமுறை நாட்களில் சவாரி நடந்தது. பத்திரிகைகள் எழுதின. மீண்டும் நடந்தது. மீண்டும் எழுதின. அனுமதி கொடுத்தால், இத்தனை பேருக்கு மேல் ஏற்றாதே என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். படகைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும். விபத்து நடந்தால் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். தடை என்றால் யாரும் வேண்டாம். தடைசெய்யப்பட்ட சவாரிக்கு மிதவைச் சட்டை கட்டாயமில்லை. ஏனென்றால் அப்படியொரு சவாரியே இல்லை. கோப்பில் இல்லாத படகு தண்ணீரில் எப்படி மூழ்கும்?

பெருவில் இன்கா பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேர்தான், சுமைதூக்கிகளையும் வழிகாட்டிகளையும் சேர்த்து. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் பாதையை மூடிப் பழுதுபார்க்கிறார்கள். பெரு ஒன்றும் ராமராஜ்ஜியம் அல்ல. 2024 ஜனவரியில், மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு விற்பனையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்ததை எதிர்த்து அடிவாரத்து ஊர்க்காரர்கள் ரயில் பாதையை மறித்தார்கள். அதுவும் நம்மைப்போல் அமைச்சர்களும் அறிவிப்புகளும் உள்ள நாடுதான். ஆனால் 'அனுமதி' என்ற சொல்லுக்கும் 'தடை' என்ற சொல்லுக்கும் நடுவே 'ஒழுங்கு' என்று ஒன்று இருப்பது அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் விடுமுறை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட். ஏவும் நேரத்தில் மீனவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. வானிலை சரியில்லை என்று ஏவுதல் தள்ளிப்போனால், தடையும் சேர்ந்து தள்ளிப்போகும். நாமும் மொட்டைமாடியில் நின்று கைதட்டுகிறவர்கள்தான். படகு இறங்காத அந்த நாளின் கூலியை எந்தச் சுற்றுப்பாதையில் தேடுவது என்று கேட்டால், அது தேசவிரோதம் ஆகாது என்று நம்புகிறோம்.

விடுமுறையை வீணாக்க வேண்டாம், முகத்துவாரத்தைப் பார்க்கலாம். கடலும் ஏரியும் சேரும் இந்த வாய் மணலால் அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரித் தண்ணீரின் உப்புக் கணக்கு கெடும், படகு கடலுக்குப் போகாது. இதை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்பது மீனவர்களின் பல பத்தாண்டுக் கோரிக்கை. இரு பக்கமும் சுவர் கட்ட சுமார் 27 கோடி ரூபாய்த் திட்டம் பிறப்பதற்குள் ஒரு தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது. வனவிலங்கு வாரிய அனுமதி வேண்டியிருந்தது, சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியிருந்தது, கோப்பு டெல்லி போக வேண்டியிருந்தது. ஏரி பறவைகள் சரணாலயம் ஆயிற்றே, பூநாரை கோபித்துக்கொள்ளும். நியாயம்தான். கொஞ்சம் தெற்கே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டபோது பூநாரையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் கோட்டை. அதற்கு முன் டச்சுக் கல்லறை. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பணியில் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் நேரத்துக்கு இருக்கையில் இருக்கும் ஊழியர்கள் அவர்கள் மட்டுமே. இந்தக் கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நல்ல சட்டம். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு அறை எடுத்துக் கட்டினால் பாயும். கோட்டைச் சுவருக்குள் வேரை விட்டுக் கல்லைக் கல்லாகப் பிரிக்கும் கருவேல மரத்துக்கு எந்தப் பிரிவில் நோட்டீஸ் அனுப்புவது என்றுதான் தெரியவில்லை போலும். மரத்துக்கு ஆதார் எண் இல்லை.

சீமைக் கருவேலத்தை ஒழிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்ற அரசு கொள்கையே வெளியிட்டுவிட்டது. கொள்கையை மரம் இன்னும் படிக்கவில்லை.

கல்லறையில் டச்சு வணிகர்களுக்கும் அவர்கள் மனைவி மக்களுக்கும் பெயர் பொறித்த பலகைக்கல் உண்டு. எழுத்தும் சின்னமும் அழகு, மறுப்பதற்கில்லை. இதே கரையிலிருந்துதான் பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாத நம் ஆட்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றி பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள், இன்றைய ஜகார்த்தாவுக்கு. துணிக்கட்டு போன அதே கப்பல், அதே கணக்குப் புத்தகம். வாங்கியவனுக்குக் கல்லறை, வேலி, சட்டம், 100 மீட்டர் மரியாதை. விற்கப்பட்டவனுக்கு ஒரு தகரப் பலகைகூடக் கிடையாது. போர்டு வைப்பதில் உலக சாதனை படைத்த அரசாங்கத்துக்கு இந்த ஒரு போர்டுக்கு மட்டும் பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

கடைசியாகச் சுமைதூக்கிகள். அவர்கள் இல்லாமல் சாகசப் பயணம் ஏது? இன்கா பாதையில் கூடாரம், அடுப்பு, அரிசி, பயணியின் மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் சுமப்பவர்கள் கெச்சுவா மொழி பேசும் மலைமக்கள். சோற்றுக்கே திண்டாடிய அவர்களுக்கும் போராட்டங்களுக்குப் பிறகு 2001-இல் ஒரு சட்டம் வந்தது. கம்பெனிச் சுமை ஒருவருக்கு 20 கிலோவுக்கு மேல் கூடாது. எடை போட வழியில் தராசு உண்டு. சட்டத்தை மீறுகிறவர்கள் அங்கேயும் உண்டு. மீறுவதற்காவது ஒரு சட்டம் இருக்கிறது.

நம் பயணியை நடத்திப்போகவும் ஆள் இருக்கிறார்கள். பழவேற்காட்டு ஏரியில் இருளர் பெண்கள் இறால் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். படகு இல்லை, வலை இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி, விரலில் பட்ட இறாலைப் பிடிக்க வேண்டும். கிளிஞ்சல் கிழிக்கும். கெளுத்தி முள் குத்தும். உடைந்த பாட்டில் எங்கே கிடக்கிறது என்பது கால் பட்ட பிறகுதான் தெரியும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்காக. கரையேறியபின் வியாபாரி சொல்வதுதான் விலை. இதற்கு எந்தக் கம்பெனியும் லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவதில்லை. இது சாகசத்தில் சேராது, பிழைப்பில் சேரும்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து அதையும் தள்ளிவைத்தார்கள். மக்களுக்குக் கருத்து இருக்கும்போதெல்லாம் கூட்டம் தள்ளிப்போகிறது. அடுத்த தேதிக்கு ஒரு யோசனை. பந்தலைக் கல்யாண மண்டபத்தில் போடாமல் ஏரிக்குள்ளேயே, இறால் தடவும் நேரமாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். வாயில் பறியைக் கடித்துக்கொண்டு நிற்பவள் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை என்று நிம்மதியாகக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.