ஐம்பதுக்கு மேல் ஜன்னல் சீட்

நம் ஊரில் ஒரு பெண் வீட்டை விட்டு இறங்க ஐந்தே ஐந்து காரணங்கள்தான் செல்லும்: கோயில், காய்கறி, ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆபீஸும் உண்டு. இவற்றில் சேராத எதற்காவது கிளம்பினால் குடும்பம் கலங்கிவிடும். ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. "இதோ வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய், டீக்கடையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். எதற்குப் போனீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர்களுக்கே தெரியாது.

ஐம்பதைத் தாண்டியதும் எனக்கும் அப்படி எதற்கென்றே தெரியாமல் எங்கேயாவது போக ஆசை வந்தது. பத்திரிகையில் வரும் நடுவயதுப் பெண்கள் லடாக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இல்லாவிட்டால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு மண்பானை செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். என் மூட்டுவலிக்கும் பட்ஜெட்டுக்கும் கட்டுப்படியானது 29சி. பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர் வரைக்கும் ஊரைக் காட்டிக்கொண்டே போகிற பஸ்.

2021 மே மாதம், சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது, காசு மிச்சம் என்றுதான் நினைத்தேன். உண்மையில் மிச்சமானது கணக்குச் சொல்லும் வேலை. எங்கள் வீட்டில் காசு கேட்டால் யாரும் இல்லை என்பதில்லை, "எதுக்கு?" என்ற கேள்வி மட்டும் கூடவே வரும். காசே வேண்டாம் என்றானதும் அந்தக் கேள்விக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

முதல் தடவை கிளம்பியபோது மாமியார், "எந்தக் கோயிலுக்கு?" என்றார். பெசன்ட் நகரில் அந்த வசதிக்குக் குறைவே இல்லை. அஷ்டலட்சுமி கோயில், அறுபடை வீடு, வேளாங்கண்ணி மாதா கோயில் என்று எல்லா மதத்துப் பெண்களுக்கும் சாக்கு கடலோரத்திலேயே தயாராக இருக்கிறது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "கோயிலுக்கு இல்லை அத்தை, பஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்றேன். அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கணவர் அன்று இரவே தைராய்டு டெஸ்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்.

கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும், "அம்மா, நீ பண்றது பெண்ணியம்" என்றாள். நான் அதை 29சி என்றுதான் நினைத்திருந்தேன். மும்பைப் பெண்கள் காரணமில்லாமல் தெருவில் திரியும் உரிமையைப் பற்றி மூன்று பெண்கள் சேர்ந்து எழுதி, 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகத்தையும் கையில் திணித்தாள். பெண் என்றால் ஏதாவது வேலையாகத்தான் வெளியே நிற்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறதாம். இத்தனை காலம் ஒரு கீரைக்கட்டைப் பாஸ்போர்ட் மாதிரி நான் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு அதில் விளக்கம் கிடைத்தது.

இந்தச் சுதந்திரத்துக்கு நிபந்தனைகளும் உண்டு. டீலக்ஸ் வந்தால் விட்டுவிட வேண்டும், அதில் காசு. வெள்ளை போர்டோ, முகத்தில் ரோஸ் பெயின்ட் அடித்ததோ வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். ஏறியதும் கண்டக்டர், "எங்கம்மா போறீங்க?" என்பார். "கடைசி ஸ்டாப்" என்பேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எங்கள் வீட்டு ஆட்களைவிடக் கண்டக்டர்கள் நாகரிகமானவர்கள்.

ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் ஜெமினி பாலம், லஸ், அடையாறு எல்லாம் எனக்காகவே வரிசையில் வரும். கடற்கரையில் ஒரு பிளேட் மிளகாய் பஜ்ஜி, மொத்தமும் எனக்கே. உடைந்த பஜ்ஜி அம்மாவுக்கு என்ற குடும்பச் சட்டம் மணலில் செல்லாது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கும்.

"சாம்பார் பொடி எங்க இருக்கு?"

"வீட்லதான் இருக்கு."

ஐம்பதை நெருங்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கால் ஒத்துழைக்கும்போதே ஒரு மத்தியானம் பஸ் ஏறுங்கள். வேலை எதையும் கூட எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உட்கார இடம் கிடைக்காது.