வேர் விட்டதா, இல்லையா?

தெருக்கோடி வீட்டுப் பாட்டி செம்பருத்திக் குச்சிகளைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "நட்டுட்டு மறந்துடணும் தம்பி." நமக்கு அது ஆகாத காரியம். அடுப்பில் சோறு வெந்தால் ஐந்து தரம் மூடியைத் திறந்து பார்க்கிற பரம்பரை.

நடவில் குறை சொல்ல முடியாது. பென்சில் கனம், அரையடி நீளம், நாலு கணு. எது தலை எது கால் என்று பிறகு குழம்பக் கூடாதே என்று அடிப்பக்கத்தை மட்டும் சாய்வாக வெட்டினேன். உச்சியில் இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிப் போட்டேன். மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தொட்டியில், இரண்டு கணு உள்ளே போகும்படி ஒன்பது குச்சிகள். மாடிப்படிக்குக் கீழே நிழலில் வாசம்.

அடுக்குச் செம்பருத்திக்கு இதைவிட்டால் வேறு கதியும் இல்லை. அது விதை பிடிப்பது அபூர்வம். 1753-இல் லின்னேயஸ் அதற்குச் 'சீன ரோஜா' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டியதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, குச்சி குச்சியாகக் கைமாறி ஊர் ஊராக வந்த செடி. இத்தனை கை தாண்டிக் கடைசியில் என் கையில் வந்து விழுந்தது அதன் தலையெழுத்து.

பத்தாம் நாள் எட்டுக் குச்சியில் துளிர்! மைத்துனருக்குப் போட்டோ பறந்தது. துளிர் வந்தால் வேரும் வந்திருக்குமே என்று ஒன்றை மெல்ல உருவினேன். மொட்டையாக வந்தது. சோம்பேறிக் குச்சி போலிருக்கிறது. அடுத்ததை உருவினேன். அதுவும் அதே ஜாதி. எட்டையும் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் ஓடினேன்.

"குச்சிக்குள்ள இருக்கிற சத்தைத் தின்னுதான் துளிர் வரும். வேருக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். அது இன்னும் வேலைக்கே சேரலை தம்பி, கையிருப்பைச் செலவு பண்ணிட்டு இருக்கு."

திரும்ப நட்டேன். நாலு நாள் பொறுத்தேன். மறுபடி உருவினேன். துளிர்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. நாலாம் வாரம், மிஞ்சியிருந்த ஒரே குச்சியின் வெட்டுவாய் தடித்து, குருணை அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. வேர்! குச்சியோடு அடுக்களைக்கு ஓடி மனைவியிடம் காட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு புள்ளியைக் காணோம். இன்னொன்று என் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்தது.

துளிரே விடாத ஒன்பதாவது குச்சியை மனைவி முன்பே பால் கவரில் மண்ணோடு வைத்து அம்மா வீட்டுக்குக் கடத்தியிருந்தாள். மாமியாருக்கு முழங்கால் வலி. கொல்லைப்பக்கம் போவதே அரிது. ஆடியில் போன குச்சி தையில் பூத்துவிட்டது.

போன வாரம் மாமியார் போன் செய்தார். செடி நன்றாகத் தழைத்துவிட்டதாம், குச்சி வெட்டி அனுப்புகிறாராம். ஸ்பீக்கரில் போட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

"வந்ததும் எங்கேயாவது ஒளிச்சு வை. மாப்பிள்ளை கண்ணுல மட்டும் காட்டிடாதே."