ஸ்மார்ட் போர்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: தோட்டப் பாடசாலைகளுக்கு இப்போது தேவை கட்டடமா, ஸ்மார்ட் போர்டா?
– வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டும்தான்; அதற்கும் முன்னால் ஆசிரியர். இலங்கையின் ஒன்பது தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தத் தரும் நன்கொடையை இந்தியா 2024இல் 60 கோடி இலங்கை ரூபாவாக இரட்டிப்பாக்கியது. அந்தப் பாடசாலைகளில் ஆறு மத்திய மாகாணத்தில். மனமார வரவேற்போம். ஸ்மார்ட் போர்டு போன்ற வசதியும் தேவைதான்: கொரோனாக் காலத்தில் லயத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறினார்கள். அம்மாவின் ஒரே போனில் அண்ணனுக்கும் பாடம், தங்கைக்கும் பாடம். ஆனால் போர்டைத் திறந்துவைக்க ஊரே வரும். பழுதானால் யார் வருவார்? இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி இவற்றுக்கு ஆண்டுதோறும் அரசே பணம் ஒதுக்க வேண்டும். உங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் கேளுங்கள்.