பதினொரு கேள்விக்குறிகள்

பெறுநர்: கடவுச்சொல் பெட்டியைக் காத்துவரும் உயர்திரு தள அதிகாரி அவர்கள்

ஐயா,

ஆம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன் எழுதுவது. (2019க்குப் பிறகு நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம், வாயில் இன்னும் வேலூர்தான் வருகிறது.)

போன வாரம், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அக்கா ஒருவர் வந்தார். உங்கள் தளம் ‘தமிழிலேயே பயன்படுத்தலாம்’ என்றதை நம்பி, கடவுச்சொல்லையும் தமிழில் வைத்துவிட்டார். “ஊர்ப் பேருதான் தம்பி. பொறந்த ஊரா, வாக்கப்பட்ட ஊரான்னு மறந்துபோச்சு.”

வாக்கப்பட்டது குடியாத்தம். அடித்தேன், திறந்தது. வெளியே வந்து, சும்மா, பிறந்த ஊரான வாணியம்பாடியையும் அடித்தேன். அதுவும் திறந்தது. பெண்ணுக்கு இரண்டு வீட்டிலும் உரிமை தரும் உங்கள் பெருந்தன்மையை மெச்சினேன். உங்கள் ரசீதில் அவர் பெயர் வெறும் ‘?????’ என வந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பதினொரு கேள்விக்குறியை வரிசையாக அடித்தேன். வாங்க வாங்க என்றது.

வாணியம்பாடி நமக்கு 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் ‘வ’ தனி, துணைக்கால் தனி, ‘ம்’ தலையிலுள்ள புள்ளிகூடத் தனி. ஆக 11 குறியீடு. குடியாத்தமும் 11. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 33. உங்கள் மென்பொருளோ இவற்றை 128 இடமே உள்ள ஆஸ்கிக்குள் திணித்து, இடம் கிடைக்காததற்கெல்லாம் தலைக்கொரு கேள்விக்குறி போட்டு, அந்தக் கேள்விக்குறிகளை ஹாஷ் செய்து பத்திரமாகப் பூட்டி வைக்கிறது. தோல் பதனிடும்போது வரும் வெட் ப்ளூ நிலையில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஒரே நீலம்தான். ஆனாலும் எங்கள் ஊர்ப் பையன் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடுவான்.

உதவி மையத்தில் ‘தமிழ் ஃபாண்ட் போடுங்க’ என்றார்கள். பூட்டு கெட்டுப்போனால் கதவுக்குப் பெயின்ட் அடிப்பீர்களா, ஐயா? தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டாயிற்று. சாமியில்லாத கோயில் என்று வேலூர்க் கோட்டைக் கோயிலைக் கேலி பேசுவார்கள். அந்தக் குறைகூட 1981இல் லிங்கம் வந்ததும் தீர்ந்தது. எழுத்தில்லாத கடவுச்சொல்லுக்கு எப்போது விடிவு?

பிரவுசர் முதல் டேட்டாபேஸ் இணைப்பு வரை யுடிஎஃப்-8 என்று வையுங்கள். ‘கொ’வை ஒரு கீபோர்டு ‘க’வும் ‘ொ’வுமாக அனுப்பும், இன்னொன்று கொம்பையும் காலையும் பிரித்து அனுப்பும். ஹாஷ் செய்யுமுன் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ‘கௌரி’யைக் கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெளரி’ என்று அடிப்பவர்களுக்கு என்எஃப்சியும் கைகொடுக்காது. அவர்களுக்காக, கடவுச்சொல்லை மறைக்கும் கறுப்புப் புள்ளிகளை விலக்கிப் பார்க்க ஒரு கண் பொத்தானாவது வையுங்கள்.

அக்காவின் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டோம். ஆங்கில எழுத்தில் ஆம்பூர், ஒரு அட் குறி, பிறகு 123. ‘மிக வலுவானது’ என்று உங்கள் பெட்டி பச்சை காட்டியது. அவர் தையல் லைனில் எல்லோருக்கும் அதேதானாம்.

இப்படிக்கு,
????