கட்டபொம்மன் நடந்த நடை

'பென்ஹர்', 'எல் சிட்', 'கார்டூம்' என்று சார்ல்டன் ஹெஸ்டன் வரலாற்றையே தோளில் சுமந்து வருகிறார். நம் சிவாஜியின் கட்டபொம்மனை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால், வரலாற்றுப் பரீட்சையில் யாருக்கு மார்க் அதிகம்?
(பொன்னமராவதி வாசகர்)

சிவாஜிக்குத்தான், அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளிவந்த அதே 1959இல்தான் 'பென்ஹர்' படமும் வந்தது. ஆனால் பென்ஹர், லூ வாலஸ் எழுதிய நாவலில் பிறந்த ஆள். மண்ணில் வாழ்ந்தவர் அல்ல. அவரைப் பரீட்சையில் உட்கார வைக்கவே முடியாது. 'கார்டூம்' (1966) படத்தில் ஜெனரல் கார்டனாக வரும் ஹெஸ்டன், சூடானின் மஹ்தியை நேருக்கு நேர் சந்தித்துப் பேசுகிறார். படத்தின் உயிரே அந்தச் சந்திப்புதான். நிஜத்தில் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்களே தவிர, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. 'எல் சிட்' (1961) முடிவில் இறந்துபோன வீரனின் உடலைக் குதிரைமேல் கட்டி அனுப்ப, எதிரிப் படை சிதறி ஓடுகிறது. அது பிற்காலத்தார் கட்டிய கதை. ஆக, ஹெஸ்டனின் வேடங்களில் நம்மை எந்தக் காட்சி உலுக்குகிறதோ, அதுதான் நடக்காத காட்சி.

சிவாஜி விஷயம் இதற்குத் தலைகீழ். அவர் நடிப்பை மிகை என்பவர்கள் முதலில் விரல் நீட்டுவது கயத்தாறு காட்சியை நோக்கித்தான். தூக்குக்குப் போகிறவன் இப்படியா நெஞ்சை நிமிர்த்தி, சுற்றி நிற்பவர்களைக் கண்ணாலேயே சுட்டுக்கொண்டு போவான் என்று கேட்பார்கள். போனான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அதை எழுதியிருக்கிறார். விசாரணை நேரம் முழுக்க அந்த மனிதன் கலங்காமல் இறுமாப்போடு நின்றான். தன்னைப் பிடிக்க மும்முரம் காட்டிய எட்டயபுரப் பாளையக்காரரை அடிக்கடி இகழ்ச்சியோடு பார்த்தான். உறுதியான நடையில் போனான். இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு நோக்கியபடியே கடந்தான். சாரம் இதுதான். வாய் பேச முடியாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டதாகவும், மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்ததற்குப் பதில் அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தியதாகவும் தனக்குச் சொல்லப்பட்டது என்றும் சேர்த்திருக்கிறார். எழுதியவர் ரசிகர் அல்ல, தூக்கில் போட்டவர். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எனவே என் கட்சி இது: சிவாஜியின் உடம்பு சொன்னதை நம்பலாம். வாய் சொன்னதையும் கதை யாரைக் குற்றவாளி ஆக்கியது என்பதையும்தான் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஜாக்சன் துரையிடம் பேசிய வரி வசனம் ஆவணத்தில் உண்டா? இல்லையென்றால் பள்ளி ஆண்டு விழாவில் தலைமுறை தலைமுறையாக மூச்சுப் பிடித்துப் பேசியதெல்லாம் வீணா?
(திருமயம் வாசகி)

வீணே இல்லை. தமிழை அடிவயிற்றிலிருந்து பேச நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த வசனம் அது. ஆனால் அது சக்தி கிருஷ்ணசாமியின் சொத்து, கட்டபொம்மனின் வாக்குமூலம் அல்ல. கட்டபொம்மன் வீட்டில் பேசிய மொழி தெலுங்கு, ஜாக்சன் பேசியது ஆங்கிலம், நடுவில் துபாஷி. பாய்ந்து வரும் எந்தச் சொல்லும் துபாஷியின் வாயில் ஒருமுறை நின்றுதான் அடுத்த காதுக்குப் போயிருக்கும். 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் நடந்த சந்திப்பு அப்படிப்பட்டது.

மொழியைவிடப் பெரிய வேறுபாடு விஷயத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் மனதில், 'கிஸ்தியே கிடையாது' என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்த கட்டபொம்மன்தான் தங்கியிருக்கிறார். ஆவணங்களில் தெரிபவர் வேறு மாதிரி. கிஸ்தி கட்டியும் வந்தார், பாக்கியும் வைத்தார், தவணையும் கேட்டார். கலெக்டர் ஜாக்சன் அவரை ராமநாதபுரத்துக்கு வரச் சொல்லிவிட்டு, ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவிட்டார். கடைசியில் நிற்க வைத்து விசாரித்தார். பேச்சு முற்றிக் கைகலப்பானது. வாசலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். இதுவரை சினிமாவுக்கும் சரித்திரத்துக்கும் பெரிய சண்டை இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் நினைவில் இல்லை. கட்டபொம்மன் சென்னை அரசுக்கு முறையீடு எழுதினார். விசாரணைக் குழு அமைந்தது. டிசம்பரில் அவரே குழுவின் முன் வந்து நின்றார். குழு அவர்மேல் குற்றமில்லை என்றது, ஜாக்சன் பதவி இழந்தார், அந்த நாற்காலிக்கு லஷிங்டன் வந்தார். கும்பெனியின் சொந்தக் குழுவே கும்பெனியின் கலெக்டரைக் குற்றவாளி என்று சொன்ன அந்தத் தீர்ப்பை எந்தப் பள்ளி மேடையிலும் யாரும் நடிப்பதில்லை. 'வரி கட்டியவர் என்று சொல்லி வீரரின் உயரத்தைக் குறைக்கலாமா?' என்று ஒரு கேள்வி வரும். எனக்கு உயரம் கூடியதாகவே தெரிகிறது. கோபத்தில் வாளை உருவுவது ஒரு வீரம். அடக்கிய கோபத்தோடு கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய் எதிரியின் மன்றத்திலேயே வழக்கை வெல்வது இன்னொரு வீரம். அப்படி வென்றவரைத்தான் ஒரு வருஷம் முடிவதற்குள் தூக்கில் ஏற்றினார்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார், மைசூரில் கட்டுண்டு கிடந்த கும்பெனிப் படைக்குக் கை ஓய்ந்தது. செப்டம்பர் 5 அன்று பானர்மன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் நின்றார். கும்பெனியின் நியாயம் எப்படி வேலை செய்தது என்று காட்ட இந்த இரண்டு தேதிகளே போதும்.

புதுக்கோட்டை மண்ணில் பிறந்த ஜெமினி கணேசன் அந்தப் படத்தில் வெள்ளையத்தேவன். காளையை அடக்கியது எங்கள் ஊர்ப்பிள்ளை என்பதில் எங்களுக்குப் பெருமை. வெள்ளையத்தேவன் வரலாறா, கதையா?
(விராலிமலை வாசகர்)

கதைப்பாடல். தெற்கத்திக் கிராமங்களில் இரவெல்லாம் பாடிய கட்டபொம்மு கதையில்தான் அவருக்கு நிறைய இடம். கும்பெனிக் காகிதத்தில் அவ்வளவு இல்லை. அதனால் பொய் என்று ஆகாது. சாமானியரின் வீரத்தைக் கும்பெனிக் குமாஸ்தா எழுதி வைக்க மாட்டார், ஊர்தான் பாடி வைக்கும். அந்த வேடம் முதலில் எஸ்.எஸ். ராஜேந்திரனைத் தேடிப் போனது. அவர் மருது சகோதரர் கதையான 'சிவகங்கைச் சீமை'யில் இருந்ததால் ஜெமினிக்கு வந்தது. கண்ணதாசன் தயாரித்த அந்தப் படமும் அதே மாதம் வெளிவந்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த சமஸ்தானத்தின் தலைநகரில் 1920இல் பிறந்தவர், கட்டபொம்மனுக்காக உயிர் கொடுப்பவராக நடித்தார் என்பது உங்கள் பெருமையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பிடித்துக் கொடுத்தது தொண்டைமான். ஆனால் காட்டிக் கொடுப்பவனுக்கு ஊர் வைத்த பெயர் 'எட்டப்பன்'. இது நமக்கு லாபமா, நஷ்டமா?
(அறந்தாங்கி வாசகர்)

நஷ்டம், எல்லோருக்கும். எட்டயபுரத்தாருக்கு நஷ்டம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வம்சத்தின் பெயரே வசவாகிவிட்டது, வி.கே. ராமசாமியின் அருமையான நடிப்பு அந்த வசவுக்கு முகமும் குரலும் கொடுத்தது. அதற்கு ஆதாரமே இல்லை என்றும் தள்ள முடியாது. எட்டயபுரத்தார் கும்பெனியோடு நின்றார், கட்டபொம்மனைத் துரத்தினார், பானர்மனே சாட்சி. ஆனால் இரண்டு பாளையங்களுக்கும் இடையே எல்லைத் தகராறு பல காலமாகப் புகைந்துகொண்டிருந்தது. தகராறில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸோடு சேர்ந்து வருவதும், நம்பித் தங்க வந்தவனை விருந்து வீட்டுக்காரரே ஒப்படைப்பதும் ஒன்றல்ல. கட்டபொம்மன் பிடிபட்டது எட்டயபுர எல்லையில் அல்ல. கோட்டை விழுந்து, கோலார்பட்டியில் தோற்று, தானாபதி நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்ட பிறகு, வடக்கே ஓடி வந்து அவர் ஒளிந்த இடம் புதுக்கோட்டைச் சீமையின் காடு. இன்று பொன்னமராவதி வட்டத்தில் கதலிவனேஸ்வரர் கோயிலோடு அமைதியாக இருக்கும் திருக்களம்பூர்ப் பக்கம். அங்கே விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள்.

புதுக்கோட்டைக்கு நஷ்டம் என்னவென்றால், எல்லாப் பழியும் 'எட்டப்பன்' என்ற ஒரே சொல்லுக்குள் போய் அடைந்துகொண்டதால், நம் பங்கை நாம் படிக்கவே இல்லை. அந்தப் பங்கு ஓர் இரவில் ஒருவர் மனதில் தோன்றிய வஞ்சகம் அல்ல. 1750களில் திருச்சிக் கோட்டை முற்றுகையில் இருந்தபோது, உள்ளே இருந்த நவாப் முகமது அலிக்கும் கும்பெனிக்கும் சோறு போனது தொண்டைமான் சீமையிலிருந்து. அன்று தொடங்கிய கூட்டு 1799இல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பழையது. 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிராகவும் அது தொடர்ந்தது. கூலியும் வந்தது. தொண்டைமான்கள் வெகுகாலம் கண் வைத்திருந்த கீழாநிலைக் கோட்டையையும் சுற்றுப் பகுதியையும் 1803இல் கும்பெனி கொடுத்தது. ஆண்டுக்கு ஒரு யானை காணிக்கை என்று ஒரு நிபந்தனை. 1836இல் அந்த யானையையும் வேண்டாம் என்று தள்ளுபடி செய்தார்கள். பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சியைப் பாருங்கள், கிஸ்தி பாக்கியில் தொடங்கிய வழக்கு புளியமரத்தில் முடிந்தது. இங்கே கப்பமே கட்டாத சமஸ்தானமாகப் புதுக்கோட்டை 1948 மார்ச் வரை நீடித்தது. தமிழ்நாட்டுப் பகுதியில் வேறு எந்தப் பெரிய பாளையத்துக்கும் கிடைக்காத வாழ்வு இது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் 1799இன் அரசியல் புரிகிறது. வில்லன் ஒருவரைக் காட்டிக் கதையை முடிப்பது சினிமாவுக்கு வசதி. ஆனால் அந்த வசதிக்குள் ஒரு முழு ஆட்சிமுறை ஒளிந்துகொள்கிறது.

இப்படிக் காரணம் அடுக்கினால் காட்டிக் கொடுத்ததை நியாயப்படுத்துவது ஆகாதா? இன்னொரு பக்கம், கட்டபொம்மனே கொள்ளைக்காரர் என்று தமிழ்வாணன் புத்தகமே எழுதினாரே?
(ஆலங்குடி வாசகர்)

காரணம் சொல்வது வேறு, மன்னிப்பது வேறு. ஒருவரின் கெட்ட குணம் என்று எழுதினால், அவரோடு அந்தக் குற்றமும் செத்துவிடும். ஐம்பது ஆண்டுக் கொள்கை என்று எழுதினால் பொறுப்பு கூடுகிறது. அன்றைய அரண்மனைக்கு அது கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் விலையைக் கட்டியவர்கள் பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களும் சிவகங்கைக்காரர்களும். இதைச் சொல்லப் புதுக்கோட்டைக்காரருக்குக் கூச்சம் வேண்டியதில்லை. பிழை செய்தது அரண்மனை, ஊர் அல்ல.

தமிழ்வாணன் கேள்விக்கு வருவோம். அண்டைக் கிராமங்களில் கட்டபொம்மனின் ஆட்கள் நெல்லை அள்ளிச் சென்றதாகக் குற்றச்சாட்டுகள் இருப்பது உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் 'கொள்ளை' என்பது யாருடைய சொல் என்று பார்க்க வேண்டும். கிராமங்களிலிருந்து காவல் கூலி வாங்குவது பாளையக்காரர்களின் நெடுநாள் உரிமை. அதே கிராமங்களில் வரி வாங்க வந்த கும்பெனி, தனக்கு முன்னால் கை நீட்டிய எவரையும் கொள்ளைக்காரர் என்று எழுதியது. போட்டி வசூல்காரர் எழுதிய புகாரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ம.பொ.சி. இதற்கு நேர் எதிர்க் கரை. கட்டபொம்மனைப் பற்றி நூல் எழுதி, பி.ஆர். பந்துலுவின் படத்துக்கும் வழிகாட்டினார். 'எல் சிட்' படத்துக்கு ஆலோசனை சொன்ன ஸ்பானிய அறிஞர் மெனெந்தெஸ் பிதாலும் அதே மாதிரி, தன் நாயகன்மேல் தீராத காதல் கொண்டவர். காதலால் எழுதியதற்குத் திருத்தம் வேண்டும். ஆனால் கும்பெனியின் சொல்லைக் கடன் வாங்கி எழுதுவதைத் திருத்தம் என்று ஏற்க மாட்டேன்.

கட்டபொம்மன் கதையை மறுபடி படமாக எடுத்தால் எந்தக் காட்சியைக் கட்டாயம் வைக்கச் சொல்வீர்கள்?
(திருக்களம்பூர் வாசகி)

உங்கள் ஊரில் தொடங்கச் சொல்வேன். சிறுகாடு, களைத்த சில மனிதர்கள், தேடி வரும் தொண்டைமான் படை. பிடித்தவர்களில் ஒருவராவது கட்டபொம்மனின் கண்ணைப் பார்த்திருப்பார், அந்த முகம் வேண்டும்.

அடுத்தது அந்த வாய் பேச முடியாத தம்பி, ஊமைத்துரை. பழைய படத்தில் ஓ.ஏ.கே. தேவரின் கம்பீரமான உடம்பில் அவரைப் பார்த்தோம். 1801இல் அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் விவரிப்பது வேறோர் ஆளை: உயரம், ஒல்லி, நோயாளி போன்ற தோற்றம், வாயில் பேச்சில்லை. பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பியவர் அந்த ஒல்லி மனிதர்தான். அவருக்கு வசனமே வேண்டாம். வெல்ஷ் எழுதியபடியே எடுத்தால் போதும்: இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளைப் பரப்புவார், அவைதான் வெள்ளைக்காரப் படை. நேரம் எது, இடம் எது என்று சைகை காட்டுவார். பிறகு வாயால் 'உஸ்'ஸென்று ஓசை எழுப்பி, வலது கையால் அத்தனை துரும்பையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுவார். தாக்கு என்று அர்த்தம்.